எனக்குச் சொல்லாமல் போட்ட ஊசி

முட்டிக்குள் ஊசி போட்டால் முதலில் வலி குறையாது, கூடும். இதைப் போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குக் கூடும். ஒன்றிரண்டு நாளில் அந்த வலி போய்விடும். போனது போனதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அது திரும்பி வரும். வலி இல்லாத நாட்களில் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு டாக்டர் கை கழுவுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். சொல்லவும் செய்தார். என்னிடம் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி நாமக்கல் போய் முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாயங்காலமே வலி அதிகமாகிவிட்டது என்று அழுதாள். பயப்படாதே, நாளைக்கோ நாளன்றைக்கோ போய்விடும், ஈரத்துணி போடு, வலி போனதும் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது பைல் நாட்டில். வாழ்க்கைப்பட்டது தேவனூர் நாட்டில். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அப்போது மலைக்கு பஸ் கிடையாது. ரோடு போடப் போகிறோம் என்று கீழேயிருந்து ஆட்கள் சங்கிலியோடு வந்து அளந்துவிட்டுப் போவார்கள். மறுபடி வருவார்கள், மறுபடி அளப்பார்கள். அவர்கள் அளந்து முடிப்பதற்குள் என் முட்டி தேய்ந்துவிட்டது.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கால் கட்டையாக இருக்கும். நொச்சித் தழையை வதக்கிக் கட்டினார்கள். விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். ஒருவன் வந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. வலி அப்படியேதான் இருந்தது. குந்தி உட்கார முடியவில்லை. குந்தி உட்கார முடியாதவள் அந்த வீட்டில் எதற்கும் ஆகமாட்டாள். அடுப்பு தரையில், அம்மி தரையில், களை தரையில். நின்றுகொண்டு செய்கிற வேலை பெரும்பாலும் ஆண்களுடையது.

என் மாமியார் நேராக எதையும் சொல்ல மாட்டார். மாட்டுக்குத் தீனி போடும்போது மாட்டிடம் சொல்வார். கால் போன மாட்டை ஒருத்தன் எத்தனை நாளைக்குக் கட்டிவைத்துத் தீனி போடுவான் என்பார். மாடு நன்றாகத்தான் நின்றுகொண்டிருக்கும். பிறகு என் தங்கையைப் பற்றிப் பேச்சு எடுப்பார். பைல் நாட்டில் எங்கள் அம்மா வீட்டில் அவள் கல்யாணமாகாமல் இருந்தாள். என்ன சுறுசுறுப்பு, என்ன உடம்பு, பக்கத்திலேயே பெண்ணை வைத்துக்கொண்டு வேறெங்கே தேடுவது என்பார்.

எங்கள் பக்கம் இரண்டாவது கட்டுவது புதிதில்லை. பிள்ளை இல்லை என்று கட்டுவார்கள். காட்டு வேலைக்கு ஆள் போதவில்லை என்றும் கட்டுவார்கள். அக்கா இருக்கிற வீட்டுக்குத் தங்கையைக் கொண்டுவந்தால் சண்டை வராது என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. அவளை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள் நான். அவள் என் சக்களத்தியாக வருவாள். நான் மூலையில் உட்கார்ந்து அவள் சாமை மிதிப்பதையும் அரைப்பதையும் சுமப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் முட்டியும் தேய்கிறவரைக்கும்.

சாமை அறுப்புக்குள் எனக்குக் கால் சரியாக வேண்டும். ஆகாவிட்டால் தங்கையைக் கேட்டுப் போவது. இதுதான் வீட்டில் பேசி முடித்திருந்த பேச்சு.

ரோடு அளக்க வந்தவர்களில் ஒருவர்தான் ஊசியைப் பற்றிச் சொன்னார். கீழே சேந்தமங்கலத்தில் ஒரு டாக்டர் முட்டிக்குள்ளேயே மருந்தை இறக்குகிறாராம், சீமை மருந்தாம், போட்டவர்கள் எழுந்து ஓடுகிறார்களாம். என் புருஷனுக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. அவர் குடிகாரர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. ஊரில் எல்லோரும் தங்கமானவர் என்பார்கள். தங்கம் எதற்குப் பயன்படும் என்று யாரும் கேட்பதில்லை.

கம்பை ஊன்றிக்கொண்டு மலை இறங்கினேன். செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து நகர்ந்தேன். அவர் மிளகு மூட்டையோடு முன்னால் போய்விட்டு, திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டு, நான் கண்ணில் பட்டதும் மறுபடி நடப்பார்.

டாக்டர் என் முட்டியை அழுத்திப் பார்த்தார். முகத்தை அவர் பார்க்கவில்லை. முதலில் பெரிய ஊசியால் முட்டிக்குள்ளிருந்து மஞ்சளாக நீர் எடுத்தார். பிறகு பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை அதே வழியாக உள்ளே செலுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என்னை வெளியே போய் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். புருஷனை உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பேசுவதும், இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதும் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே மலை ஏறினோம். பாதி வழியில் முட்டிக்குள் அடுப்பு மூட்டியது மாதிரி ஆகிவிட்டது. காலைத் தரையில் வைக்க முடியவில்லை. எனக்குப் பயம். விஷத்தைப் போட்டுவிட்டார்களோ, காலை எடுத்துவிடுவார்களோ என்று. ஒரு பாறையில் உட்கார்ந்து கேட்டேன்.

“ஏனுங்க, டாக்டரு எதாச்சும் சொன்னாருங்களா?”

“ஒண்ணும் சொல்லலியே. நல்லாயிரும்னாரு.”

“இப்படி எரியுதே, இது எதுக்குன்னு கேட்டீங்களா?”

“எந்திரி புள்ள. பொழுது எறங்குது.”

இதை நான் மறக்கவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று என் புருஷன் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் முட்டி சிவந்து கொதித்தது. மாமியார் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தார். வைக்கவே கூடாத சூடு அது. பிற்பாடுதான் தெரிந்தது. நான் கத்தியது கீழ்க்காட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டதாம். வெள்ளைக்காரன் மருந்துக்கும் மலை உடம்புக்கும் ஒத்துவராது என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த நாள் விடியும்போது வலி இல்லை.

எப்படிச் சொல்வது. பல வருசமாக வீட்டில் அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று நிறுத்தினால் காது என்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. எழுந்து நின்றேன். குந்தி உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அடுப்படியில் இதையே செய்துகொண்டிருந்தேன். என் பெரிய மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகம் கொஞ்சம் சிவந்து உப்பியது, பசி எடுத்தது, தூக்கம் குறைந்தது. அதெல்லாம் நல்ல காலத்தின் அடையாளம் என்று நினைத்தேன். தங்கை தப்பித்தாள் என்று நினைத்தேன்.

நான் உட்கார்ந்திருந்தால் போதும். கொஞ்ச நாள் காலுக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் போதும். அதை யார் சொல்வது?

எங்கள் ஊரில் மாட்டுக்கு மருந்து கொடுக்கிற விதம் ஒன்று உண்டு. மூங்கில் குழாயில் கஷாயத்தை ஊற்றி, வாயைத் தூக்கிப் பிடித்து உள்ளே இறக்குவார்கள். இறக்கியதும் கட்டிப்போட மாட்டார்கள். ஓட்டுவார்கள். காட்டைச் சுற்றி ஓட்டினால்தான் மருந்து உடம்பில் கலக்கும், நிறுத்தி வைத்தால் ஒரே இடத்தில் கட்டிக்கொள்ளும் என்பார்கள். மனுஷனுக்கும் அப்படித்தான். மருந்து குடித்தவனைப் படுக்க விடமாட்டார்கள். என் முட்டிக்கும் அதே வைத்தியத்தைச் சொன்னார்கள். மாமியார் முதல் தடவையாக மாட்டிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னார்.

“மருந்து முட்டியிலயே நின்னுக்கும், கண்ணு. மிதிச்சீன்னாத்தான் கீழ எறங்கும்.”

கண்ணு என்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவரைக்கூட நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் அதை நம்பித்தான் சொன்னார். பக்கத்தில் என் புருஷன் உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

சாமையைப் பாறைக் களத்தில் பரப்பிக் காலால்தான் மிதிப்போம். குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று, குதிகாலால் திருகித் திருகி மிதிக்க வேண்டும். முட்டியைத் திருகாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. நான் இறங்கினேன். எங்கள் களம் முடிந்ததும் கொழுந்தனார் களம், அப்புறம் பெரிய வீட்டுக் களம். நமக்கு அவர்கள் வந்ததற்கு நாம் போக வேண்டும். இத்தனை நாள் என் பேரில் குறைந்திருந்த வேலையையெல்லாம் அந்த அறுப்பிலேயே தீர்த்துவிட வேண்டும் என்று வீட்டில் நினைப்பு. எனக்கும்தான்.

“ஊசி போட்ட காலு பாரு, எந்திரமாட்டம் ஓடுது” என்றாள் ஒருத்தி.

“அந்த டாக்டரெ மேல கூட்டியாந்து எங்க ஊட்டுக்காரனுக்கும் ஒண்ணு போடச் சொல்லோணும். அவனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்குது, நடக்கத்தான் மாட்டீங்கறான்” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தோம். நான் எல்லோரையும்விட வேகமாக மிதித்தேன். வலி என்கிற காவல்காரன் தூங்கிக்கொண்டிருந்தான், உள்ளே வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. களத்து ஓரத்தில் நின்று தூற்றிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தெரியும்.

பனி போய் வெயில் வருவதற்குள் வலி திரும்பியது. முன்பு வந்த வலி இல்லை இது. மடக்கினால் திரிகைக்குள் கல் மாட்டியது மாதிரி ஒரு சத்தம். ஒரு நாள் மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுகொண்டது. மாமியார் மறுபடி மாட்டிடம் பேச ஆரம்பித்தார்.

ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். என் அப்பா வீட்டில் மறுக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் மிளகுக் கொடி இருந்தது, அவர்களிடம் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். எங்கள் வகையறாவில் இரண்டாவது பெண் கேட்கப் போகும்போது முதல் பெண்டாட்டிதான் வெற்றிலை பாக்கை மடியில் முடிந்துகொண்டு போக வேண்டும். அவளே பெண்ணின் மடியில் போட வேண்டும். அவள் தன் காலால் நடந்து போக வேண்டும். டோலியில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தூக்கிக்கொண்டு போவது வேறொரு பயணத்துக்கு. நான் நடக்காமல் தங்கையைக் கேட்க முடியாது. நான் நடக்க முடியாததால்தான் தங்கையைக் கேட்கவே போகிறார்கள். ஊர்க்கவுண்டர் தாடியைச் சொறிந்தார்.

நான் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். என் புருஷன் சொன்னார்:

“இன்னொரு ஊசி போட்டாப் போச்சுங்க. போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும். அது கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும்னு டாக்டரு அப்பவே சொன்னாருங்க.”

அப்பவே.

கத்தி கையிலிருந்தது. கிழங்கைத்தான் சீவினேன். அவருக்குத் தான் சொன்னது உறைக்கவே இல்லை. ஊர்க்கவுண்டருக்கும் உறைக்கவில்லை. நல்ல யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. பாறையில் உட்கார்ந்து நான் கேட்டது என் ஒருத்திக்குத்தான் ஞாபகம்.

ஒன்றும் கேட்கவில்லை. சரிங்க, போலாம் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் வேறு என்னவெல்லாம் அப்போதே சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை இவர் வாயிலிருந்து கேட்க எனக்கு விருப்பம் இல்லை.

கீழே போக இந்தத் தடவை டோலி கட்டினார்கள். முதல் தடவை என் வலிக்காகப் போனபோது உட்கார்ந்து நகர்ந்தவள் நான். இப்போது இவருக்குப் பெண் கேட்பதற்காகப் போகிறேன், கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்கியவர்களில் ஒருவன், அண்ணி மகாராணியாட்டம் போறாங்க என்றான். மகாராணி கம்பளியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

அதே டாக்டர். முட்டியை மடக்கினார், அந்தச் சத்தத்தைக் கேட்டார், முகம் மாறியது. என்ன செய்தீர்கள் என்று என் புருஷனைக் கேட்டார். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

“எங்கிட்டச் சொல்லுங்க. காலு என்னுதுங்க.”

டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். போன தடவையே எல்லாம் சொல்லி அனுப்பினேனே என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

பிறகு டாக்டர் சொன்னார். முதல் ஒன்றிரண்டு நாள் வலி கூடும் என்று சொன்னாராம், ஈரத்துணி போடு, சூடு காட்டாதே என்றாராம். காய்ச்சல் வந்தாலோ வலி விடாமல் இருந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வா என்றாராம். அன்றைக்கு மலை ஏற வேண்டாம், கீழேயே தங்கு என்றாராம். வலி போன பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், கொஞ்ச நாள் பளு கூடாது, முட்டியைத் திருகிச் செய்கிற வேலையே கூடாது என்றாராம். இது வீக்கத்தை அடக்குகிற மருந்து, தேய்ந்ததைத் திருப்பிக் கொடுக்காது என்றாராம். ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, அந்த ஒவ்வொரு நாளும் என் கண்ணில் வந்தது. பாறை, தவிடு, களம்.

ஏன் என்னிடமே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உனக்குப் புரியுமான்னு நெனச்சேம்மா.”

“இப்பப் புரியுதுங்களே.”

அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு ஊசி போடலாம், இடையில் போதுமான மாதம் ஆகிவிட்டது, ஆனால் முன்போல ரொம்ப நாள் தாங்காது, அடிக்கடி போட்டால் உள்ளே இருப்பதும் கெட்டுப்போகும், சில வாரத்துக்கு நிச்சயம் நடக்கலாம் என்றார். ஊசியை எடுக்கச் சொன்னார். ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னக் குப்பியில் அதே வெள்ளை மருந்து.

எனக்கு அந்த மருந்து வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நான் பெரிய மனசுக்காரி இல்லை. ராத்திரி திரும்பிப் படுக்க முடியாதவள். அடுப்படியில் குந்தி உட்கார்ந்து எழுந்த அந்தக் காலை நேரம் இன்னொரு தடவை வேண்டும் என்று வாயில் எச்சில் ஊறியது. போட்டுக்கொண்டால் வலி போகும். வலி போனால் வெற்றிலையை மடியில் முடிந்துவிடுவார்கள். பைல் நாட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் கால் நன்றாகவே நடக்கும். தங்கை மடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகு மருந்தும் முடிந்துவிடும்.

“வேண்டாமுங்க” என்றேன்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு என்ன புள்ள?” என்றார் என் புருஷன்.

“கால் முடியலீங்க. இப்படியே இருக்கட்டும்.”

டாக்டருக்கு விளங்கவில்லை. இவருக்கு விளங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டோலிக்காரர்களைக் கூப்பிட்டார்.  மலை ஏறுகிற வழியில் அதே பாறை வந்தது. இறக்கச் சொல்லி, உட்கார்ந்து, கேட்டேன். ஏனுங்க எங்கிட்டச் சொல்லலே என்று.

“சொல்லியிருந்தா உன்னிய உக்கார வெக்கோணும். சாமையெ ஆரு மிதிக்கறது?” என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பது மாதிரி சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு அவரிடம் கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. செத்துப்போகிறவரைக்கும் அவருக்குச் சோறு போட்டேன். கேள்வி கேட்கவில்லை.

மாமியார் வெற்றிலை வாங்கிவைத்திருந்தார். அது வாடியது. மறுபடி வாங்கினார், அதுவும் வாடியது. ஊர்க்கவுண்டர் வந்து, மெதுவாக நடந்து பாரேன் சாமி என்றார். முடியலீங்க என்றேன். பொய் இல்லை. என்னால் முடியவில்லைதான். வேறு வகையறாவில் கேட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் முதல் பெண்டாட்டி வெற்றிலை கொண்டுவராத வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் கூலிக்கு ஆள் வைத்து மிதித்தார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

என் கால் அதற்குப் பிறகு முழுசாக நீளவில்லை. உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு என்ன வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் படித்தேன். அதை ஒரு லாபம் என்று யாராவது சொன்னால் கம்பைத் தூக்கி அடிப்பேன்.

தங்கையைப் பைல் நாட்டிலேயே ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் காடு இல்லை, குடி உண்டு. பல வருசம் கழித்து ஒரு சாவுக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். என்னைவிடக் கிழவியாக இருந்தாள். அவளிடம் ஊசிக் கதையைச் சொன்னேன். அவளுக்காக நான் அந்த மருந்தை விட்டதை அதுவரைக்கும் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டாள். என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

“போட்டுக்கிட்டே வந்திருக்கலாமில்லக்கா” என்றாள். “உங்க ஊட்ல வயித்துக்காச்சும் இருந்திருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

கேட்கவில்லை. என்னால் அங்கே நடந்து போக முடியவில்லை.